புதன்கிழமை வலிப் பிரிவை மூடாதீர்கள்: மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் போன வாரம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். புதன்கிழமைதோறும் நடக்கும் வலி மற்றும் மன ஆலோசனைப் பிரிவு அடுத்த மாதத்திலிருந்து இயங்காது. அங்கே வந்துகொண்டிருந்தவர்கள் எலும்பு மருத்துவரைப் பார்க்கலாம், தேவைப்பட்டால் கோவைக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்று அதில் இருக்கிறது. இந்த முடிவை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியாது. நேரில் சொல்ல நேரம் கேட்டோம், கிடைக்கவில்லை. அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை இங்கே போடவில்லை. நான் பிறந்ததே அங்கேதான். அதன் பெயரைக் கெடுப்பது என் நோக்கம் இல்லை.

கோத்தகிரி வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நாங்கள் லைன் என்று சொல்லும் இடத்தில், வளர்ந்தவள். என் அம்மா அந்தப் பிரிவில் சிகிச்சை பெறுகிறார், நானும் பெறுகிறேன். எங்கள் லைனிலும் பக்கத்து ஊர்களிலும் அங்கே போய்வருகிற பலரோடு பேசிவிட்டு, அவர்கள் சம்மதித்ததை மட்டும் இதில் எழுதுகிறேன்.

மூடுவதற்கான காரணம் அறிவிப்பில் இல்லை. அலுவலகத்தில் கேட்டபோது வாய்மொழியாகச் சொன்னார்கள். ஒரு நோயாளிக்கே ஒரு மணி நேரம் ஆகிறதாம், அந்த நேரத்தில் வேறு மருத்துவர் முப்பது பேரைப் பார்த்துவிடுவாராம். அந்தப் பிரிவிலிருந்து ஸ்கேனுக்கோ மருந்துக் கடைக்கோ யாரும் போவதில்லையாம். கடைசியாக ஒன்று சொன்னார்கள்: "அங்கே என்ன நடக்குது? மூச்சு விடச் சொல்றாங்க, பேசுறாங்க. அவ்வளவுதானே?"

முதல் இரண்டும் கணக்கு வழக்கு, அதைப் பிறகு பேசலாம். மூன்றாவதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மா இலங்கை மலையகத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். மலையகத் தமிழர்களில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று பிரித்த 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் அவர்கள் இருந்த லைனுக்குத் தீ வைத்தார்கள். தம்பி தங்கைகளோடு தேயிலைச் செடிகளுக்கு அடியில் விடியும்வரை படுத்துக் கிடந்திருக்கிறார். அதற்கு அடுத்த வருடம் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, இந்த மலைக்கு வந்து மறுபடி தேயிலைக்குள்ளேயே இறங்கினார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவே அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்ட மாவட்டம் இது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு ராத்திரியை உள்ளே வைத்துக்கொண்டு கொழுந்து பறித்த பெண்கள் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு இடுப்பு வலி. எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது; எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. தைலம் தேய்த்தார், பெல்ட் கட்டினார், கரண்ட் வைத்துக்கொண்டார். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார். முடியாத நாளில் ஊசி. எழுந்தால்தான் கூலி, எழுவதற்கு ஊசி. பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். பல வருடம் இப்படியே போனது. கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கூடியிருப்பது தெரிந்தது. சிறுநீரகம் தளர்ந்துவிட்டது, இனி இந்த வலி மாத்திரை ஒன்றுகூடத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வலி மட்டும் அப்படியே இருந்தது.

அந்த நிலையில்தான் புதன்கிழமை மேடத்திடம் அழைத்துப் போனேன். (அந்தப் பிரிவின் சிகிச்சையாளரை எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.) முதல் நாள் நான் கூடவே இருந்தேன். அவர் முதலில் பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களை எல்லாம் வாங்கிப் பார்த்தார். கால் மரத்துப் போகிறதா, சிறுநீர் சிரமமில்லாமல் போகிறதா, காய்ச்சல் வருகிறதா, எடை குறைந்ததா என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கட்டிலில் படுக்கச் சொன்னார். அம்மா மல்லாந்து படுக்கவில்லை. முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, முகம் கதவைப் பார்க்கிற மாதிரி படுத்தார். வீட்டிலும் அவர் அப்படித்தான் தூங்குவார். நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. மேடம் எதுவும் சொல்லாமல் தன் நாற்காலியைத் தூக்கி, அம்மாவுக்கும் கதவுக்கும் நடுவில் வராதபடி சுவரோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "கதவு நல்லாத் தெரியுதாம்மா?" என்று மட்டும் கேட்டார். அம்மாவின் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்ததை நான் பார்த்தேன்.

எலும்பு மருத்துவரின் அறையில் இது நடக்காது என்று குறை சொல்லவில்லை. அவருக்கு வெளியே முப்பது பேர் நிற்கிறார்கள். ஆனால் நாற்பது வருடத்துக்கு மேலாக முதுகைத் தளர்த்தாமல், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராகப் படுக்கிற ஓர் உடம்புக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? அதை யாராவது பார்த்தால்தானே தெரியும். பார்ப்பதற்கு நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அதற்குத்தான் போகிறது.

அம்மாவிடம் 1977ஐப் பற்றி மேடம் உடனே கேட்கவில்லை. பல வாரம் காலைத் தரையில் ஊன்றுவது, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே மெதுவாக, நீளமாக விடுவது, படுத்தபடி இடுப்பை ஒரு விரல்கடை அளவு அசைத்து, எங்கே பயம் வருகிறதோ அங்கேயே நிறுத்தித் திரும்பி வருவது, இவ்வளவுதான். அம்மாவே ஒரு நாள் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்சம் சொன்னதும் மேடம் நிறுத்தி, இப்போது எங்கே இருக்கிறீர்கள், சுவரில் என்ன நிறம் தெரிகிறது என்று கேட்டு அறைக்குள் கூட்டிவந்துவிட்டு, மீதியை அப்புறம் பார்க்கலாம் என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டவைத்தால் உடம்பு அந்த ராத்திரிக்கே திரும்பப் போய்விடும், தாங்குகிற அளவு தொட்டுத் தொட்டு வந்தால்தான் அது முடிந்துபோன விஷயம் என்று உடம்புக்குத் தெரியவரும் என்று பிறகு விளக்கினார்.

இன்று அம்மாவுக்கு வலி முழுசாகப் போகவில்லை. பாதியாகியிருக்கிறது என்பது அவர் சொல்லும் கணக்கு. வலி மாத்திரை இல்லாமல் ரேஷன் கடைக்கு ஏறி இறங்குகிறார். ராத்திரி தூங்குகிறார். உங்கள் அறிவிப்பு அவரை எலும்பு மருத்துவரிடம் போகச் சொல்கிறது. அவர் எழுதித் தரக்கூடிய முதல் மாத்திரையை அம்மா போடக்கூடாது. இதை முடிவெடுத்தவர்கள் யோசித்தீர்களா?

இனி என்னைப் பற்றி. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேடும் அந்த மழையில் இறங்கியது. எங்கள் சுவர் நின்றது. பக்கத்து வீடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குக் கழுத்திலும் வலது தோளிலும் வலி. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறந்தால் கூடும், தை மாதம் குறையும். குளிர்தான் காரணம் என்றார்கள்; கரும்பலகையில் எழுதுவதால் என்றார்கள். கழுத்துப் பட்டை போட்டேன். ஸ்கேனில் கழுத்தெலும்பில் லேசான தேய்மானம் என்று வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் கழுத்தைத் திருப்பாமல் நடந்தேன்.

புதன்கிழமைப் பிரிவில் ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தது. மேடம் பேச்சை நிறுத்தி, "டீச்சர், இப்ப உங்க தோள் எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். என் வலது தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. தாடை இறுகியிருந்தது. பாதம் தரையில் பாதிதான் பட்டிருந்தது. மழைச் சத்தம் நின்றால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம் என்று காத்திருந்தோம். தூறல் விட்டதும் தோள் தானாக இறங்கியது. குளிர் அப்படியேதான் இருந்தது. எந்த ஸ்கேனிலும் தெரியாத விஷயம், அந்த அறையில் என் கண்ணுக்கே தெரிந்தது. அதற்கப்புறம் பல வாரம் நாங்கள் செய்த வேலை, மழை பெய்யும்போது ஜன்னல் வழியாக மேட்டைப் பார்ப்பது, பார்வையைக் கைக்குக் கொண்டுவருவது, திரும்ப மேட்டைப் பார்ப்பது. கூடவே கழுத்தைப் பயப்படாமல் திருப்பப் பழகியது. இப்போது ஐப்பசியில் நான் விடுப்பு எடுப்பதில்லை.

இதெல்லாம் இரண்டு பெண்களின் அனுபவம், மருத்துவம் ஆகுமா என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். மருத்துவம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதுகிறேன். உங்களில் மருத்துவர்கள் இருக்கிறீர்கள், இவை உங்களுக்குத் தெரிந்தவைதான்.

உடம்பில் அடிபட்ட இடத்திலிருந்து வலி நேராக மூளைக்குப் போகிறது என்ற பழைய எண்ணத்தை மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965லேயே மாற்றினார்கள். வழியில், தண்டுவடத்தில் அது கூட்டவும் குறைக்கவும் படுகிறது, மூளை அதற்கு மேலிருந்து கட்டளை இடுகிறது என்று காட்டினார்கள். வலி ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோதும், அது உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்பதைக் கைவிடவில்லை. திசு சேதம் இல்லாமலும் அதே மாதிரியான வலி வரலாம் என்பதற்கு இடம் வைத்தார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி தனி வகையாகவே இடம்பெற்றிருக்கிறது.

ஸ்கேனைப் பற்றி ஒன்று. முதுகு வலியே இல்லாத 3,000 பேருக்கு மேலானவர்களின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. வலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் 96 விழுக்காடு. தலை நரைப்பதுபோல் முதுகெலும்பும் தேய்கிறது. அந்தத் தேய்மானத்தைக் காட்டி, "இனி குனியாதே, தூக்காதே" என்று சொல்லி அனுப்பப்படும் பெண், வீட்டுக்குப் போய் வலியோடு பயத்தையும் சுமக்கிறாள். பயந்து அசையாமல் இருக்க இருக்க தசை இறுகுகிறது, வலி கூடுகிறது. எங்கள் லைனில் தேய்மானம் என்று எழுதிய தாளை பீரோவில் பத்திரமாக வைத்திருக்காத வீடு குறைவு.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் நாள்பட்ட முதுகு வலி உள்ள 151 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது, 2021இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு நான்கு வாரம், வலி என்பது உடைந்த எலும்பின் செய்தி இல்லை, மூளையின் தவறான எச்சரிக்கை என்று புரியவைத்து, பயமில்லாமல் உடலைக் கவனிக்கவும் அசைக்கவும் பழக்கினார்கள். அவர்களில் 66 விழுக்காட்டினர் வலி இல்லை, அல்லது இருந்தும் இல்லாத மாதிரி என்றார்கள். இது வெறும் உப்புநீர்தான் என்று சொல்லியே ஊசி போட்ட பிரிவில் அப்படிச் சொன்னவர்கள் 20 விழுக்காடு. வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் 10 விழுக்காடு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பெருமளவு பலன் நின்றிருந்தது. அது தேயிலை பறிக்கிறவர்களை வைத்துச் செய்த ஆய்வு இல்லை, நரம்பு நசுங்கியவர்களுக்கான சிகிச்சையும் இல்லை. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் பேசுவதும் மூச்சு விடுவதும் "அவ்வளவுதானே" என்று ஒதுக்குவதற்கு இனி இடமில்லை என்பதற்கு அது போதும்.

எங்கள் பக்கத்தில் ஒரு அண்ணன். தோட்டத்தில் மருந்தடிக்கப் போனபோது காட்டெருமை முட்டித் தூக்கிப் போட்டது. விலா எலும்புகள் உடைந்து, உங்கள் மருத்துவமனையில்தான் தேறினார். நல்லபடியாகப் பார்த்தீர்கள், அதற்கு அந்தக் குடும்பம் இன்றும் நன்றி சொல்கிறது. எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரேயில் சுத்தமாக இருக்கிறது. ஆனால் தேயிலைக்குள் கால் வைத்தால் விலாவில் குத்துகிறது, மூச்சு முட்டுகிறது. வேலைக்குப் போக முடியவில்லை. நடிக்கிறான் என்றார்கள். சிறுத்தை ஒரு தடவை வாசல்வரை வந்துபோன வீட்டு நாய் அப்புறம் இலை அசைந்தாலும் குரைக்கும். அந்த நாய் நடிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அவருடைய நரம்பு மண்டலம் செய்ததும் அதுதான். மேடம் அவரைப் படிப்படியாகத் தயார்படுத்தினார். முதலில் ரோட்டில் நின்று தோட்டத்தைப் பார்ப்பது. பிறகு மனைவியோடு முதல் வரிசைவரை. குத்தல் வந்தால் திரும்பி ஓடாமல், நின்று, பாதத்தைக் கவனித்து, மூச்சை விட்டு, அது இறங்கியதும் திரும்புவது. இப்போது பாதி நாள் வேலைக்குப் போகிறார். இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. அடுத்த மாதம் அவர் யாரிடம் போவார்?

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். முதுகு வலி என்று வந்த ஒரு டிரைவர். உட்காரும் இடம் மரத்திருக்கிறது, சிறுநீர் அடைக்கிறது என்று அவர் சொன்னதுமே மேடம் ஆலோசனையை அங்கேயே நிறுத்தி, உடனே ஸ்கேனுக்கும் அறுவை சிகிச்சைக்கும் அனுப்பினார். அன்றைக்கே அனுப்பாமல் விட்டிருந்தால் கால் போயிருக்கும் என்று அறுவை செய்த மருத்துவர் சொல்லியிருக்கிறார். உடலை விட்டுவிட்டு மனதை மட்டும் பார்க்கிற இடம் அது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது தவறு. எது உடனே அறுக்க வேண்டியது, எது பொறுமையாக அவிழ்க்க வேண்டியது என்று பிரித்துப் பார்க்க இந்த மலையில் எங்களுக்கு இருக்கிற ஒரே இடம் அது.

கோவைக்குப் போகச் சொல்கிறீர்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை. போய்வர ஒரு நாள் போகும், ஒரு நாள் கூலி போகும். முதுகு வலிக்காரர் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு மழைக்காலத்தில் அந்த மலைப்பாதையில் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதே ஒரு வதை. மரம் விழுந்தோ மண் விழுந்தோ பாதை மூடினால் அதுவும் இல்லை. வாராவாரம் செய்ய வேண்டிய சிகிச்சையை யார் இப்படிப் போய்ச் செய்வார்கள்? போக மாட்டார்கள். மாத்திரைக்குத் திரும்பிவிடுவார்கள்.

அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குக் கூப்பிடலாமே என்றும் அலுவலகத்தில் சொன்னார்கள். டெலி-மானஸ் என்ற அந்தச் சேவை நல்ல சேவை. 2022லிருந்து இலவசமாக, தமிழிலேயே பேசுகிறார்கள். ராத்திரியில் தாங்க முடியாமல் போகிறவர்களுக்கு நானே அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தோள் ஏறுவதையும் கதவைப் பார்த்துப் படுப்பதையும் போனில் பார்க்க முடியாது. பல லைன்களில் சிக்னலும் கிடையாது. ஒரே அறையில் மாமனார் மாமியார் பிள்ளைகளோடு இருக்கிற பெண் எந்த மூலையில் நின்று போனில் பேசுவாள்? மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பிசியோவும் உதவியாக இருக்கிறார், ஆனால் அவர் எத்தனை வீட்டுக்கு ஏறி இறங்குவார்?

வருமானக் கணக்குக்கு வருகிறேன். அந்தப் பிரிவு மருத்துவமனைக்குப் பணம் கொண்டுவரவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் மிச்சப்படுத்தியதை யார் கணக்கெடுத்தீர்கள்? மாதாமாதம் ஊசிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் நின்றிருக்கிறார்கள், எத்தனை பேர் வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள், எத்தனை பேருடைய சிறுநீரகம் தப்பியது? இந்த மருத்துவமனையைக் கட்டியவர்கள் லாபத்துக்காகக் கட்டவில்லை. பிரசவ வார்டு லாபத்திலா ஓடுகிறது? 2017 மனநலச் சட்டம், மன நோய்க்கு வருகிறவரை உடல் நோய்க்கு வருகிறவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. செலவைக் குறைக்க வேண்டிய நேரம் வந்ததும் முதலில் கண்ணில் படுவது இந்தப் பிரிவுதான் என்றால், அது சமமாக நடத்துவது ஆகாது.

எனக்கு இருக்கிற பெரிய பயத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள், "உனக்கு ஒன்றும் இல்லை" என்று பல இடத்தில் கேட்டுவிட்டு வந்தவர்கள். முதல் தடவையாக ஒருவர் அவர்களை நம்பினார். சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பாதி சொன்ன நிலையில் கதவைச் சாத்தினால், அவர்களில் பலர் மறுபடி யாரிடமும் வாய் திறக்க மாட்டார்கள். என் அம்மா கட்டாயம் திறக்க மாட்டார்.

ஆகவே கேட்கிறேன்.

அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். புதன்கிழமைப் பிரிவு, இப்போது இருக்கும் சிகிச்சையாளரோடு, இப்போது கொடுக்கும் நேரத்தோடு தொடர வேண்டும். வாரம் ஒரு நாளுக்கு மேல் முடியாது என்றால் சரி, அந்த ஒரு நாளையாவது விடுங்கள்.

ஏதோ காரணத்தால் நிறுத்தியே ஆக வேண்டும் என்ற நிலை என்றாவது வந்தால், சிகிச்சை நடுவில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அதை முடிக்க அவகாசம் கொடுங்கள். அவர்களுடைய குறிப்புகளின் நகலை அவரவர் கையில் கொடுங்கள். மாற்று ஏற்பாடு இந்த மலையிலேயே இருக்க வேண்டும், கோவையில் இல்லை.

எலும்பு மருத்துவரும், பிசியோவும், புதன்கிழமைச் சிகிச்சையாளரும் மாதம் ஒரு தடவையாவது சேர்ந்து உட்கார்ந்து, மூன்று மாதத்துக்கு மேல் வலியோடு வருகிறவர்களைப் பற்றிப் பேச ஏற்பாடு செய்யுங்கள். ஸ்கேன் தாளைக் கையில் கொடுக்கும்போது அதில் இருப்பதற்கு என்ன அர்த்தம், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று இரண்டு நிமிடம் தமிழில் சொல்ல ஒருவரை நியமியுங்கள்.

உங்கள் மருத்துவமனையில் மாதக்கணக்கில் வலி ஊசியும் வலி மாத்திரையும் வாங்குகிற எல்லாருக்கும் கிரியேட்டினினும் ரத்த அழுத்தமும் பாருங்கள். கூலி வேலை செய்கிறவர்களிடம் அதற்குப் பணம் வாங்காதீர்கள். என் அம்மாவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராமல் இருக்க இது ஒன்று போதும்.

பணம்தான் தடை என்றால் அந்தப் பிரிவின் வரவு செலவை எங்களிடம் காட்டுங்கள். மாதச் சம்பளம் வாங்குகிற என்னைப் போன்றவர்கள் கட்டணம் கூடுதலாகத் தரத் தயார். ஆசிரியர்கள், வியாபாரிகள், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் திரட்டவும் தயார். ஆனால் தோட்டத் தொழிலாளிகளுக்குச் சீட்டுக் கட்டணம் ஏறக்கூடாது.

முடிவெடுக்கும் முன் நோயாளிகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வரும்படி ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். சிகிச்சையாளரும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும்.

இவை ஒவ்வொன்றுக்கும் முடியும், முடியாது என்று இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள். முடியாது என்பவற்றுக்குக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் ஓர் ஆசிரியை,
கோத்தகிரி வட்டம், நீலகிரி